கும்பல் வன்முறைக்கு எதிரான கண்டனத் தீர்மானம்: பயன் உண்டா, எப்படி எழுதுவது?

கேள்வி: வலிகாமத்தில் ஒரு பிரதேச சபைக்கு முதன்முறையாகத் தெரிவாகியிருக்கிறேன். எங்கள் வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள்களில் வந்த கும்பலொன்று இரவில் இரண்டு வீடுகளுக்குள் புகுந்து, கதவு, யன்னல், வாகனம் எல்லாவற்றையும் அடித்து நொறுக்கித் தீ வைத்துவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த அமர்வில் கண்டனத் தீர்மானம் கொண்டுவர விரும்புகிறேன். "நாடாளுமன்றமே கண்டித்து ஒன்றும் நடக்கவில்லை, நாங்கள் கண்டித்து என்ன நடக்கப் போகிறது?" என்று மூத்த உறுப்பினர்கள் கேட்கிறார்கள். உண்மையில் பயன் இருக்கிறதா? இருந்தால் எப்படி எழுத வேண்டும்?

பதில்:

தம்பி, பயன் இருக்கிறது. ஆனால் நம்முடைய சபைகள் வழக்கமாக எழுதும் விதத்தில் எழுதினால் இல்லை. "அண்மைக்காலமாக இடம்பெற்றுவரும் வன்முறைச் சம்பவங்களை இச்சபை வன்மையாகக் கண்டிக்கின்றது" என்ற ஒரு வரியை எந்த ஊரிலும், எந்த ஆண்டிலும், எவருக்கு எதிராகவும் வாசித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். எந்த நாள், எந்த வீடு, யார் வந்து பார்த்தார்கள், யார் வராமல் இருந்தார்கள் என்ற ஒன்றுமே அதில் இல்லை. யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் சட்டத்தரணியாக இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிற்காலத்தில் பாதிக்கப்பட்டவர்கள் நீதி கேட்டு நிற்கும்போது அவர்களுக்கு உதவுவது, சம்பவம் நடந்த சூட்டோடு பொறுப்புள்ள ஒரு சபை எழுதிவைத்த தெளிவான பதிவுதான். நீங்கள் செய்யப்போவது அந்தப் பதிவை உருவாக்கும் வேலை. அப்படி நினைத்துக்கொண்டு எழுதத் தொடங்கினால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் சட்ட நிலையைச் சொல்லிவிடுகிறேன். கண்டனத் தீர்மானம் சட்டம் அல்ல, எவரையும் கட்டுப்படுத்தாது. நாடாளுமன்றம் நிறைவேற்றும் தீர்மானங்களிலும் சிலவற்றுக்குத்தான் அரசியலமைப்பு தனி வலுவைக் கொடுத்திருக்கிறது. அவசரகாலப் பிரகடனம் ஒன்றுக்கு 14 நாட்களுக்குள் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைக்காவிட்டால் அது காலாவதியாகும். ஜனாதிபதியைப் பதவி நீக்குவதற்கும் தீர்மானம்தான் வழி. கண்டனம் இந்த வரிசையில் வராது. அது 225 பேர் கொண்ட சபையானாலும் இருபது பேர் கொண்ட சபையானாலும், அந்தச் சபையின் கருத்து மட்டுமே. பொலிஸ் அதிகாரம் மாகாணங்களுக்குப் போக வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொன்னாலும், அது நடைமுறையில் இன்றுவரை போகவில்லை. ஆகவே உங்கள் தவிசாளர் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு உத்தரவிட முடியாது. இவ்வளவும் உங்கள் மூத்த உறுப்பினர்கள் சொல்வதற்குச் சாதகமானவை. அவர்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன் பிறகு அதற்குத் தேர்தல் நடக்கவில்லை. நாடாளுமன்ற உறுப்பினர்களை விட்டால், இங்கே மக்கள் வாக்களித்து அமைந்த சபைகள் உங்களுடையவை மட்டும்தான். நீங்களும் பேசாவிட்டால் அந்த இரண்டு வீட்டாருக்காகப் பேசுவதற்கு வாக்குப் பெற்ற எவரும் அருகில் இல்லை.

நாடாளுமன்றம் கண்டித்து ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறார்கள். நம்முடைய வரலாற்றை எடுத்துப் பார்த்தால் குறை வேறிடத்தில் இருக்கிறது. பெரிய வன்செயல்கள் நடந்த நேரங்களில் நாடாளுமன்றம் கண்டிக்கவே இல்லை. சில நேரங்களில் அதற்கு நேர்மாறானதைச் செய்தது.

1977 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்தில் பொலிஸார் நடந்துகொண்ட விதத்தையும் சந்தை எரிந்ததையும் அன்றைய எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கம் புதிய சபையில் எழுப்பினார். ஓகஸ்ட் 18ஆம் திகதி பிரதமர் ஜே. ஆர். ஜெயவர்த்தன கொடுத்த பதிலை நம் பெற்றோர் தலைமுறை மனப்பாடமாக வைத்திருந்தது: சண்டை என்றால் சண்டை, சமாதானம் என்றால் சமாதானம், இதைத் தான் சொல்லவில்லை, நாட்டு மக்கள் சொல்கிறார்கள் என்றார். தெற்கில் தமிழர்களின் வீடுகள் தாக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில் நாட்டின் பிரதமர் சபையில் நின்று சொன்ன வார்த்தை அது. சபையின் சொல்லுக்கு வலுவில்லை என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல சொல் ஒரு கும்பலை நிறுத்துமா என்று நாம் கேட்கிறோம். கெட்ட சொல் ஒரு கும்பலுக்குத் துணிவு கொடுக்கும் என்பதில் எவருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அந்த ஆண்டு நவம்பரில் அந்த வன்செயல்களை ஆராய முன்னாள் பிரதம நீதியரசர் சன்சோனியின் தலைமையில் ஆணைக்குழு அமைந்தது. அதன் அறிக்கை 1980இல் வந்தது.

அடுத்த ஆண்டே 1981 வந்துவிட்டது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் ஜூன் 4ஆம் திகதி. மே 31ஆம் திகதி நாச்சிமார் கோவிலடியில் நடந்த தேர்தல் கூட்டத்தில் பொலிஸார் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிரிழப்பு ஏற்பட்டது. அன்றிரவிலிருந்து யாழ்ப்பாணத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தமிழர் விடுதலைக் கூட்டணியின் அலுவலகம், யாழ்ப்பாணத் தொகுதி உறுப்பினர் வெ. யோகேஸ்வரனின் வீடு, ஈழநாடு பத்திரிகை அலுவலகம், பூபாலசிங்கம் புத்தகசாலை எல்லாம் எரிந்தன. சுமார் 97,000 நூல்களோடும் ஓலைச் சுவடிகளோடும் பொது நூலகம் எரிந்தது. அமைச்சர்கள் சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும் அப்போது இந்த நகரத்தில் தங்கியிருந்தார்கள்.

பின்பு நாடாளுமன்றம் என்ன செய்தது? தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிஸாரும் காடையரும் செய்த அழிவைக் கண்டித்துத் தீர்மானம் நிறைவேற்றவில்லை. 1981 ஜூலையில், எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம் மீது நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்து நிறைவேற்றியது. உலகத்தில் எந்தச் சபையிலும் எதிர்க்கட்சித் தலைவர் ஆளும் தரப்பின் நம்பிக்கையைப் பெற்றுப் பதவியில் இருப்பதில்லை. அந்தப் பிரேரணைக்கு எந்த அரசியலமைப்புப் பயனும் கிடையாது. அவர் அதற்குப் பிறகும் எதிர்க்கட்சித் தலைவராகவே இருந்தார். ஆனாலும் அது நிறைவேறியது. அந்த விவாதத்தில் ஆளும் தரப்பு உறுப்பினர்கள் சிலர் அவருக்கு எப்படிப்பட்ட பழங்காலத் தண்டனை கொடுக்கலாம் என்றெல்லாம் பேசினார்கள். எரித்தவர்களைப் பற்றிப் பேச வேண்டிய சபை, எரிந்த ஊரின் பிரதிநிதியை நிறுத்திவைத்துக் கண்டித்தது. நான் பல சபைப் பதிவுகளை வாசித்திருக்கிறேன். இதைவிடத் துயரமான ஒரு தலைகீழ் மாற்றத்தை வேறெங்கும் காணவில்லை. அந்த எரிப்புக்காக இன்றுவரை ஒருவர் மீதும் வழக்குத் தொடரப்படவில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

1983இலும் அதே போக்குத்தான். ஜூலைப் படுகொலைகள் முடிந்த சில நாட்களில், ஓகஸ்ட் முதல் வாரத்தில், நாடாளுமன்றம் கூடி ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. தனிநாட்டை ஆதரிப்பதில்லை என்று சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். கொல்லப்பட்டவர்களின் பிரதிநிதிகளே சபையில் இல்லாமற் போனார்கள்.

பின்னாளில் வார்த்தைகள் வந்தன. 2001இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 1981 முதல் 1984 வரையான இன வன்முறையை ஆராய முன்னாள் பிரதம நீதியரசர் சு. சர்வானந்தாவின் தலைமையில் ஆணைக்குழு அமைத்தார். 2004 ஜூலையில் கறுப்பு ஜூலைக்காக அவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். 2016 டிசம்பரில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க நாடாளுமன்றத்திலேயே எழுந்து, நூலகம் தங்கள் ஆட்சிக் காலத்தில் எரிக்கப்பட்டது, அதற்காக வருந்துகிறோம், மன்னிப்புக் கேட்கிறோம் என்றார். அந்த வார்த்தையை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அவர் 1981இல் அந்த அமைச்சரவையில் இருந்தவர். ஆளும் கட்சியின் தலைவராக அவர் வாயிலிருந்து அது வந்தது முக்கியம். ஆனால் இடையில் 35 ஆண்டுகள் போய்விட்டன. சாட்சிகள் இறந்துவிட்டார்கள், பதிவேடுகள் இல்லை, பொறுப்பானவர்கள் பலர் உலகத்திலேயே இல்லை. 1981 ஜூனில் இதே வார்த்தையோடு விசாரணைக்கு ஒரு காலக்கெடுவும் சேர்ந்து வந்திருந்தால், அதன் பெறுமதி வேறாக இருந்திருக்கும். உங்கள் அமர்வு சம்பவம் நடந்து சில வாரங்களுக்குள் வருகிறது. அந்த அருகாமைதான் உங்களிடம் இருக்கும் பெரிய பலம்.

பிற நாடுகளிலும் இதே பிணக்கு உண்டு. அமெரிக்காவில் கறுப்பின மக்களைக் கும்பல்கள் பிடித்துத் தூக்கிலிட்டுக் கொன்ற காலத்தில், அதைக் கூட்டாட்சிக் குற்றமாக்க ஏறக்குறைய இருநூறு சட்டமூலங்கள் கொண்டுவரப்பட்டன. 1922இல் பிரதிநிதிகள் சபை ஒன்றை நிறைவேற்றியும் செனட்டில் தென் மாநில உறுப்பினர்கள் பேசிப் பேசி நேரத்தைக் கடத்தி அதை முடக்கினார்கள். 2005 ஜூன் 13ஆம் திகதி அதே செனட் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. அதில் அது கும்பலைக் கண்டித்ததோடு நிற்கவில்லை. சட்டம் இயற்றத் தவறியதற்காகத் தன்னையே குற்றஞ்சாட்டிக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கேட்டது. சட்டம் 2022 மார்ச்சில்தான் வந்தது. ஒரு சபை, "நாங்கள் செய்யாமல் விட்டது இது" என்று எழுதிவைத்தால், அடுத்து வருபவர்கள் அதைக் கடந்து போவது கடினமாகிறது. உங்கள் தீர்மானத்திலும் அந்த ஒரு வரிக்கு இடம் வையுங்கள். வீதி விளக்கு எரியாத சந்தி, மூடப்படாத பாழடைந்த கட்டடம் போன்றவை உங்கள் சபையின் பொறுப்பில் இருந்து, கும்பலுக்கு வசதியாக இருந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். மற்றவர்களைக் குறை சொல்லும் உரிமை அப்போதுதான் முழுதாக வரும்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுதுவது நேர்மையாகாது. மற்றவர்கள் செய்த வன்செயலைக் கண்டிப்பதில் நமக்குப் பஞ்சமில்லை. நம்மவர்கள் செய்ததை?

2015 மே மாதம் புங்குடுதீவில் பாடசாலை மாணவி ஒருவர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். ஊரே கொதித்தது, கொதித்ததில் தவறில்லை. மே 20ஆம் திகதி யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத் தொகுதியின் மீது கல்லெறிந்து தாக்கினார்கள். வாகனங்கள் நொறுங்கின. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைதானார்கள்; அவர்களில் பலர் இளைஞர்கள். நியாயமான கோபத்தோடு வந்தவர்கள், நியாயம் கிடைக்க வேண்டிய இடத்தையே அடித்தார்கள். அந்தக் கொலை வழக்கை மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் விசாரித்து, 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. தீர்ப்பைக் கொண்டுவந்தவை சாட்சியங்களும் பகுப்பாய்வு அறிக்கைகளும். கல்லெறிந்தவர்களால் அதில் ஒரு நாள்கூட முன்னுக்கு வரவில்லை. மாறாக, மகன்மாருக்குப் பிணை எடுக்கப் பெற்றோர் நாட்கணக்கில் அலைந்தார்கள். அந்தக் கோபத்தை ஆதரித்துப் பேசுவது அன்று எளிதாக இருந்தது. "கொலையையும் கண்டிக்கிறோம், இதையும் கண்டிக்கிறோம்" என்று ஒரே மூச்சில் சொல்வதற்குத்தான் துணிவு வேண்டியிருந்தது.

இன்னும் பின்னே போனால் 1990 ஒக்டோபர் இருக்கிறது. வடக்கின் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். சோனகத் தெருவில் வீடுகள் அப்படியே கைவிடப்பட்டன. பின்பு அவை சூறையாடப்பட்டன. வெளியேற்றியது ஆயுத அமைப்பு என்றாலும், வெறுமையான வீடுகளின் கதவையும் ஓட்டையும் கழற்றிக்கொண்டு போனவர்கள் யார் என்று நம் ஊரவர்களுக்குத் தெரியும். நம் அரசியல் பிரதிநிதிகள் அதை இனச்சுத்திகரிப்பு என்று வெளிப்படையாகச் சொல்ல நீண்ட காலம் எடுத்தது. சொன்னவர்கள் நம்மிடையே திட்டும் வாங்கினார்கள்.

சேர். பொன்னம்பலம் இராமநாதனையும் இந்த இடத்தில் நினைக்கிறேன். 1915 சிங்கள - முஸ்லிம் கலவரத்தின்போது பிரித்தானிய ஆட்சி இராணுவச் சட்டத்தின் பெயரில் நடத்திய கொடுமைகளைச் சட்டசபையில் அவர் எதிர்த்துப் பேசினார். சிறையிலிருந்த சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். அது பெரிய துணிவு, அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் கலவரத்தில் கடைகளையும் பள்ளிவாசல்களையும் இழந்த முஸ்லிம் மக்களின் துயரம் அந்த வாதத்தில் பின்னுக்குப் போய்விட்டது. அந்த மனக்குறை முஸ்லிம் சமூகத்தில் தலைமுறைகள் கடந்தும் இருக்கிறது. அரசின் அத்துமீறலைக் கண்டிக்கும் வேகத்தில், கும்பலால் பாதிக்கப்பட்டவனை மறந்துவிடக் கூடாது. உங்கள் தீர்மானத்தின் முதல் பந்தியில் அந்த இரண்டு குடும்பங்களும் இருக்க வேண்டும். பொலிஸைப் பற்றிய பந்தி அதற்குப் பின்னால் வரட்டும்.

நட்டஈட்டைப் பற்றிப் பலரும் எழுத மறந்துவிடுகிறார்கள். நான் மிகவும் வலியுறுத்துவது அதைத்தான். 1915இல் ஒரு கட்டளைச் சட்டம் போட்டு, கலவரம் நடந்த இடங்களின் சிங்கள மக்கள் அனைவரிடமும் இழப்புக்கான பணத்தை வசூலித்தார்கள். குற்றம் செய்யாதவனும் கட்டினான். அது அநீதி. இங்கிலாந்தில் 1886ஆம் ஆண்டு லண்டனில் நடந்த குழப்பத்துக்குப் பிறகு வந்த சட்டம் வேறு வழியைப் பிடித்தது: கலகக் கும்பலால் வீடோ கடையோ சேதமானால், அந்தப் பகுதியின் பொலிஸ் நிதியிலிருந்தே நட்டஈடு கொடுக்க வேண்டும். ஒழுங்கைக் காப்பது பொலிஸின் கடமை, அது தவறினால் இழப்பை மக்கள் தனியாகச் சுமக்கக் கூடாது என்பதுதான் அதன் அடிப்படை. 2011 லண்டன் கலவரத்தில் எரிந்த கடைக்காரர்கள் அந்தப் பழைய சட்டத்தின் கீழ்தான் பணம் கேட்டார்கள். 2016இல் அதைப் புதுப்பித்துப் புதிய சட்டம் கொண்டுவந்தார்கள்.

நம் நாட்டில் அப்படி ஓர் உரிமை சாதாரணக் குடிமகனுக்கு இல்லை. ஆனால் 2022 மே 9ஆம் திகதியை எடுத்துக்கொள்ளுங்கள். பிரதமரின் வாசஸ்தலமான அலரி மாளிகையிலிருந்து புறப்பட்ட ஆளும் கட்சி ஆதரவாளர்கள் காலிமுகத்திடலில் அரசுக்கு எதிராக அமைதியாகப் போராடிக்கொண்டிருந்தவர்களை அடித்தார்கள். அதன் பிறகு நாடெங்கும் ஆளும் கட்சியினரின் வீடுகள் எரிந்தன. நிட்டம்புவவில் நாடாளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரள கொல்லப்பட்டார். இரண்டுமே கும்பல் வன்முறை, இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். வீடு எரிந்த அரசியல்வாதிகள் 43 பேருக்கு 120 கோடி ரூபாய்க்கு மேல் நட்டஈடு கொடுக்கப்பட்டதாக 2025 பெப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அரசாங்கமே தெரிவித்தது. வீடு எரிந்தவருக்கு நட்டஈடு கிடைப்பதை நான் எதிர்க்கவில்லை. அதே அளவுகோல் வலிகாமத்தில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் எரிந்த ஆட்டோவுக்கும் பொருந்த வேண்டும் என்று கேட்கிறேன். அந்த முன்னுதாரணத்தை உங்கள் தீர்மானத்தில் எழுதிக் கேளுங்கள். கிடைக்குமோ கிடைக்காதோ, கேட்டது எழுத்தில் பதிவாகிவிடும்; பதில் சொல்லாமல் கடந்து போவது அவர்களுக்குக் கடினமாகும்.

சபை உறுப்பினர்களே தாக்கப்பட்டதும் நமக்குப் புதிதல்ல. 2023 செப்டெம்பரில், உண்ணாவிரதமிருந்து உயிர்நீத்த திலீபனின் நினைவு ஊர்தி பொத்துவிலிலிருந்து நல்லூர் நோக்கி வந்துகொண்டிருந்தபோது, திருகோணமலை கப்பல்துறையில் கும்பலொன்று அதை மறித்துத் தாக்கியது. நாடாளுமன்ற உறுப்பினர் செ. கஜேந்திரன் அடிக்கப்பட்டார். பொலிஸார் அங்கே நின்றார்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கே இது நடக்கும்போது உங்கள் வட்டாரத்து மக்கள் ஏன் சாட்சி சொல்லப் பயப்படுகிறார்கள் என்று விளங்கிக்கொள்ளலாம்.

வாள்வெட்டு போன்ற கும்பல் வன்முறை வழக்குகளில் முட்டுக்கட்டையாக நிற்பது அந்தப் பயம்தான். சட்டத்தில் குறை இல்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ பொதுவான குற்ற நோக்கத்தோடு கூடினால் அது சட்டவிரோதக் கூட்டம் என்று தண்டனைச் சட்டக் கோவையின் 138ஆம் பிரிவு சொல்கிறது. 146ஆம் பிரிவின்படி, அந்தக் கூட்டத்தில் ஒருவன் செய்த குற்றத்துக்கு மற்றவர்களும் பொறுப்பு. "நான் வாசலில் நின்றேன், வெட்டவில்லை" என்பது எதிர்வாதமாகாது. ஆனால் முகத்தை மூடிக்கொண்டு வந்தவர்களை அடையாளம் காட்ட அயலவர் ஒருவர் முன்வர வேண்டும். வந்தால் அடுத்த வாரம் தன் வீட்டுக்கும் வருவார்களோ என்று அவர் யோசிக்கிறார். பாதிக்கப்பட்டவர்களுக்கும் சாட்சிகளுக்கும் பாதுகாப்பு வழங்க 2015இல் ஒரு சட்டம் வந்தது. 2023இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. அதற்கென ஓர் அதிகார சபையும் இருக்கிறது. இந்த ஊர்களில் அதைப் பற்றி அறிந்தவர்கள் மிகக் குறைவு. உங்கள் தீர்மானம் அந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இந்தச் சம்பவத்தின் சாட்சிகளுக்குப் பாதுகாப்புக் கேட்டால், அயலவர்களுக்கு அது ஒரு செய்தியாகப் போய்ச் சேரும்.

எழுதும்போது ஒரு விடயத்தில் மிகக் கவனமாக இருங்கள். செயலைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். சந்தேகநபர்களைப் பெயர் சொல்லிக் குற்றவாளி ஆக்காதீர்கள். ஒருவர் குற்றவாளி என்று நிரூபிக்கப்படும்வரை நிரபராதி என்பது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையில் இருக்கிறது. "இன்னாரின் மகன்தான்" என்று சபையில் ஒருவர் எழுந்து சொல்லிவிட்டால், நாளைக்கு எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதை எடுத்துக்கொண்டு, அடையாள அணிவகுப்புக்கு முன்பே ஊர் முழுவதும் பெயர் பரவிவிட்டது என்று வாதாடுவார். உங்கள் நல்ல நோக்கம் வழக்கைக் கெடுத்துவிடும். ஒரு சமூகத்தையோ, சாதியையோ, குறிச்சியையோ சுட்டிக்காட்டும் சொல்லும் வேண்டாம். "அந்தப் பக்கத்துப் பெடியள்" என்ற ஒரு வார்த்தையிலிருந்து அடுத்த கும்பல் புறப்பட்டு வரும். ஆனால் கடமையில் இருந்த அதிகாரிகளைப் பதவியால் குறிப்பிடலாம். எத்தனை மணிக்குத் தொலைபேசி அழைப்புப் போனது, எத்தனை மணிக்குப் பொலிஸார் வந்தார்கள் என்பதைப் பாதிக்கப்பட்டவர்களிடம் கேட்டு அப்படியே எழுதுங்கள். நீங்கள் எழுதும் எல்லா வரிகளிலும் அந்த இரண்டு நேரக் குறிப்புகளுக்குத்தான் பெறுமதி அதிகம்.

வாசகம் எளிமையாக இருக்கட்டும். இன்ன திகதி இரவு இத்தனை மணியளவில் இன்ன வட்டாரத்தில் இரண்டு வீடுகளுக்குள் ஆயுதங்களுடன் புகுந்த குழுவொன்று உடைமைகளை உடைத்துத் தீ வைத்ததை இச்சபை கண்டிக்கிறது. பாதிக்கப்பட்ட குடும்பங்களோடு நிற்கிறது. காரணம் எதுவாக இருந்தாலும், தனிப்பட்ட பகையானாலும் காதல் விவகாரமானாலும் காணிப் பிணக்கானாலும், இத்தகைய செயலுக்கு அது நியாயமாகாது என்று கருதுகிறது. விசாரணையின் முன்னேற்றத்தை 30 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கும்படி பொலிஸ் பொறுப்பதிகாரியைக் கோருகிறது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பும் குடும்பங்களுக்கு நட்டஈடும் கோருகிறது. சபையின் பொறுப்பில் உள்ள இன்ன சந்திகளின் விளக்குகளை இத்தனை நாட்களுக்குள் சீராக்கத் தீர்மானிக்கிறது. இவ்வளவு போதும். நடுவில் வரும் "காரணம் எதுவாக இருந்தாலும்" என்ற பகுதியை யார் கேட்டாலும் எடுத்துவிடாதீர்கள். நம் ஊரில் ஒரு வீடு உடைபட்டால் மறுநாள் காலையில் முதலில் கிளம்பும் பேச்சு, "அவையளும் ஏதோ செய்திருப்பினம்" என்பதுதான். அந்தப் பேச்சு கும்பலுக்குக் கவசம்.

நிறைவேறிய பிறகு அதைக் கோப்பில் போட்டுவிடாதீர்கள். பிரதிகளைச் சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகருக்கும், மாவட்டச் செயலருக்கும், ஆளுநருக்கும், மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாண அலுவலகத்துக்கும், மாவட்டத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எல்லாருக்கும், கட்சி பார்க்காமல், பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் பொலிஸ் அதிகாரிகள் வந்து இருப்பார்கள். அங்கே எழுப்பும்படி ஒரு நாடாளுமன்ற உறுப்பினரிடம் நேரில் போய்க் கேளுங்கள். முப்பது நாட்களில் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்ல வேண்டும். விசாரணை பாதிக்கப்படும் என்று சொல்லி மறுக்கலாம். எத்தனை பேர் கைதானார்கள், வழக்கு இலக்கம் என்ன, அடுத்த தவணை எப்போது என்ற அளவில் கேட்டால் மறுப்பது கடினம். கடமை தவறியதாக உறுதியான தகவல் இருந்தால் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவிடம் முறையிடலாம். அந்த முறைப்பாட்டோடு சபைத் தீர்மானத்தின் பிரதியும் போனால், தனி ஒருவரின் மனுவுக்குக் கிடைக்காத கவனம் கிடைக்கும்.

அமர்வுக்கு முன்பு அந்த இரண்டு வீட்டாரையும் பார்த்து, தீர்மானத்தின் வாசகத்தை அவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். வீட்டு இலக்கமோ பெயரோ வர வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் எடுத்துவிடுங்கள். அது அவர்களுடைய பாதுகாப்பு, அவர்களுடைய முடிவு. பிறகு மற்றக் கட்சிகளில் ஒருவரையாவது வழிமொழியச் சம்மதிக்க வையுங்கள். ஒரு கட்சியின் தீர்மானமாகப் போனால் மற்றவர்கள் அதைத் தோற்கடிப்பதையே வேலையாக எடுத்துக்கொள்வார்கள். கடைசியாக, "ஏகமனதாக நிறைவேறியது" என்று எழுதிவிட்டு முடிக்க விடாதீர்கள். பெயர் கூப்பிட்டு வாக்கெடுக்கும்படி தவிசாளரிடம் கேளுங்கள். யார் ஆதரித்தார்கள், யார் எதிர்த்தார்கள், யார் எழுந்து வெளியே போனார்கள் என்பது கூட்ட அறிக்கையில் ஏறட்டும். அடுத்த மாத அமர்வில் அந்தக் கூட்ட அறிக்கையை உறுதிப்படுத்தும்போது உங்கள் வாசகம் மாறாமல் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்துங்கள்.